மனவடுவும் இலக்கிய வகுப்பறையும்: ‘பெயர் சுட்டாமை’ மரபை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழ்க் கல்விச் சூழலில் இலக்கியம் கற்பித்தல் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடத்திட்டம், தேர்வு அடைவுநிலை, மொழித்திறன் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றது. துயரத்தைப் பொருளாகக் கொண்ட படைப்பொன்றைத் துயருற்ற மாணவர் ஒருவர் வகுப்பில் பயிலும்போது நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு அதில் உரிய இடம் கிட்டவில்லை. அவ்வினாவை ஆராய முற்படுவதே இக்கட்டுரை. ஆசிரியரின் பரிவு என்பது இனிய சொல்லும் கனிந்த முகமும் மட்டும் அன்று. பாடப்பொருளைத் தேர்வதிலும் வினாவை அமைப்பதிலும் விடையை ஏற்பதிலும் வெளிப்பட வேண்டிய ஓர் ஒழுங்கு என்பது நம் கருத்து. அவ்வொழுங்கிற்கான அடிப்படைகள் தமிழ்ப் பொருளிலக்கண மரபிலேயே உள்ளன என்பதையும் ஈண்டு எடுத்துக்காட்ட விழைகிறோம்.

வகுப்பில் இருப்போர்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ் பயில்வோரின் குடும்ப வரலாறுகள் ஒரே தன்மையன அல்ல. 1980களிலும் 1990களிலும் ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, வேலையையும் வாழ்விடத்தையும் ஒருசேர இழந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் அவர்களுள் உளர். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய கம்போங் மேடான் பகுதியில் நிகழ்ந்த வன்செயல்களில் ஆறு பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் இந்தியர். அன்று அங்குச் சிறுவராயிருந்தோர் இன்று பெற்றோராகியுள்ளனர். இலங்கையில் 2009இல் முடிவுற்ற போரினால் இங்கு வந்து சேர்ந்த குடும்பங்களும் உள. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடாத நாடு. ஆதலின், அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக் கல்வி பொதுவாகக் கிட்டுவதில்லை. சமூகக் கற்றல் மையங்களே அவர்தம் வகுப்பறைகள். இவற்றினும் பரவலானவை, வெளியே தெரியாத வீட்டு வன்முறையும் பெற்றோர் இழப்பும்.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் போர்க்கால மனவடுக்கள் குறித்து 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய வடு தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் ஊடுருவுவது என்பதை அவர்தம் பிற்கால ஆய்வுகள் வலியுறுத்தின. எனவே, பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு வகுப்பில் நுழையும் ஆசிரியர், ‘இவர்களுள் வடுவுற்றவர் எவர்?’ எனத் தேடுதல் வேண்டா. எவரேனும் ஒருவர் இருப்பர் எனக் கொண்டு பாடத்தை அமைத்தலே முறை.

கட்டுரைத் தலைப்பும் காயமும்

நம் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கட்டுரைத் தலைப்புகளுள் ‘என் வாழ்வில் மறக்க முடியாத நிகழ்வு’, ‘என் குடும்பம்’ என்பன குறிப்பிடத்தக்கவை. இவை மேலோட்டத்தில் எளியவை. ஆயினும், தந்தையை இழந்த மாணவிக்கு இத்தலைப்பு இரண்டே வழிகளைத் தருகிறது: பொய்யாக ஒரு மகிழ்ச்சியைப் புனைதல் அல்லது தன் காயத்தை மதிப்பெண்ணுக்கு ஈடாக ஒப்படைத்தல். பின்னதைத் தேர்ந்தாள் எனின், அவள் எழுதிய இழவுச் செய்தி சிவப்பு மையில் ஒற்றுப்பிழை திருத்தப்பெற்றுத் திரும்பி வருகிறது. ‘நன்று’ எனச் சொல்லி வகுப்பின் முன் உரக்கப் படிக்கப்படுதல் அதனினும் கொடிது.

இதற்கு மாற்றும் நம் வகுப்பறையிலேயே உண்டு. தமிழ்ப்பள்ளி மாணவர் நன்கறிந்த ‘தன்கதை’ என்னும் வடிவம், ஒரு மிதிவண்டியாகவோ குடையாகவோ காலணியாகவோ நின்று பேச இடந்தருவது. கைவிடப்பட்ட மிதிவண்டியின் கதையில் எழுதுபவர் தம் துயரையும் வைக்கலாம், வையாதும் விடலாம். வைத்தாரா என ஆசிரியர் உசாவ வேண்டியதில்லை. எளிய பயிற்சி எனக் கருதப்படும் இவ்வடிவம் மாணவருக்கு ஓர் அரண் ஆகின்றது.

மரண ரயில் நாவல்களும் இரு வகைப் பெயரின்மையும்

மலேசியத் தமிழரின் கூட்டுத் துயருள் தலையாயது சயாம்–பர்மா இரயில்பாதை. 1942–43இல் ஜப்பானியர் ஆட்சியில் அமைக்கப்பெற்ற, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்தொகைத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய நாவல்கள் அவ்வரலாற்றைப் பொருளாகக் கொண்டவை. பாதை நிறைவுற்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே இவை வந்தன என்பது, வடுவுற்ற சமூகம் பேசத் தொடங்க எத்துணைக் காலம் கொள்கிறது என்பதற்குச் சான்று.

இத்தகைய நாவல் வகுப்பில் பாடமாகும்போது, ‘கருப்பொருளை விளக்குக’, ‘படிப்பினைகளை எழுதுக’ என்னும் வினாக்கள் எழுகின்றன. விடாமுயற்சி, ஒற்றுமை, தியாகம் என மாணவர் பட்டியலிடுகின்றனர். துயரைப் படிப்பினையாக்கி உடனே மூடிவிடும் இம்முறை இறந்தோருக்கும் நியாயம் செய்வதில்லை. வகுப்பிலிருக்கும் துயருற்றோருக்கும் செய்வதில்லை. ‘உன் துன்பத்திலிருந்தும் விரைவில் ஒரு பாடம் கற்றுக்கொள்’ என்பதே அவர் செவியில் விழும் செய்தி. மாறாக, நாவலைப் பாடத்திலிருந்தே விலக்கிவிடலாம் என்போரும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. விலக்குவதால் துயர் மறைவதில்லை. அது பேசத்தகாதது என்னும் கருத்தே உறுதிப்படுகிறது.

இங்குத் தொல்காப்பிய மரபு நமக்குத் துணை நிற்கிறது. அன்பின் ஐந்திணையில் மாந்தர் எவரும் இயற்பெயரால் சுட்டப்பெறார் என்பது அகத்திணையியல் வகுக்கும் விதி. புறத்திணைக்கு அத்தடை இல்லை. வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லில் அவன் பெயரும் சிறப்பும் பொறிக்கப்பெற்றன. காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் மேலைநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பெற்றுள்ளனர். பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த அடையாளம் உண்டு. கைதிகளினும் பன்மடங்காக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அத்தகைய கல்லறைகள் அமையவில்லை. அவர்தம் பெயரின்மை புறக்கணிப்பின் விளைவு. அதனைக் களைந்து பெயரிட்டுப் பேசுதல் புறத்திணைக் கடமை. வகுப்பிலிருக்கும் மாணவரின் துயரோ அகத்தின்பாற்பட்டது. அங்குப் பெயர் சுட்டாமையே காப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இலக்கிய ஆசிரியரின் பரிவு எனலாம். ‘உங்கள் வீட்டிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டா?’ என்னும் ஒரு வினா, புறத்தில் நிகழ வேண்டிய உரையாடலை ஒரு நொடியில் அகத்திற்குள் தள்ளிவிடுகிறது.

தோழியின் இடம்

அங்ஙனமாயின், மாணவர் தாமே மனந்திறந்தால் என்செய்வது? அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று படிகளாகப் பகுத்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயர்கொள்ளல், மீண்டும் உறவுகளோடு இணைதல். பறிக்கப்பட்ட கட்டுப்பாட்டைப் பாதிக்கப்பட்டவர் கையிலேயே திரும்பச் சேர்த்தல் இவையனைத்திற்கும் அடிப்படை என்றார். வகுப்பறை முதற்படியை அமைக்க வல்லது. இரண்டாம் படியில் மாணவரை வழிநடத்துதல் பயிற்சி பெற்றோர்க்கு உரியது.

அக மரபில் தோழி இவ்வெல்லையை அறிந்தவள். தலைவியின் துயரை அவள் குறிப்பால் உணர்கிறாள், வற்புறுத்திக் கேட்பதில்லை, பிறரிடம் அலர் தூற்றுவதில்லை. ஆயின், மறைத்தல் தலைவிக்கே கேடாகும் நிலையில் அறத்தொடு நிற்கிறாள். அப்போதும் ஊரறியச் சொல்லாது, செவிலிக்கு மட்டுமே உணர்த்துகிறாள். மாணவர் ஒருவரின் கட்டுரையில் அடியும் கொடுமையும் வெளிப்படுமாயின், அதனை இலக்கிய நயமாகக் காண்பதும் ஆசிரியர் அறையில் பகிர்வதும் தவறு. ‘இதனை இன்னாரிடம் சொல்லப் போகிறேன்’ என மாணவரிடம் முன்கூட்டிக் கூறி, பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் சேர்ப்பிப்பதே அறத்தொடு நிற்றல். களவொழுக்கத்தையும் மனவடுவையும் ஒன்றெனக் கூறுவது நம் நோக்கமன்று. சொல்லும் முறைமையில் உள்ள ஒப்புமையையே சுட்டுகிறோம்.

முடிவுரை

நல்லாசிரியர் இலக்கணம் கூறும் பவணந்தியார் கல்விப் பயிற்சியோடு அருளையும் சேர்த்தே எண்ணுகிறார். கொள்வோர் கொள்ளும் வகையறிந்து கற்பித்தலையும் வலியுறுத்துகிறார். இவ்விரண்டும் இணையும் இடத்தில் செய்யத்தக்கவை மிக எளியவை. துயர்ப்பகுதி வரும் நாளை முன்னரே அறிவித்தல். எக்கட்டுரைக்கும் சம மதிப்பெண்ணுள்ள மாற்றுத் தலைப்பு ஒன்றைத் தருதல். ஒப்புதலின்றி எவர் எழுத்தையும் உரக்கப் படியாமை. பேசாதிருத்தலையும் ஒரு விடையாக ஏற்றல். பாத்திரத்தைப் பற்றிக் கேட்டு, மாணவரைப் பற்றிக் கேளாமை. இவற்றுக்குப் பொருட்செலவும் இல்லை. பாடத்திட்ட மாற்றமும் தேவையில்லை. தன் துயரை எப்போது, எவரிடம், எப்பெயரில் சொல்வது என்னும் உரிமை மாணவரிடமே இருத்தல் வேண்டும் என்பதை ஆசிரியப் பயிற்சியில் ஒரு பாடமாக்குதல் காலத்தின் தேவையாகும்.