சில்யான் ஏரியோரம் ஒரு மிதிவண்டிப் பாதை

சுவீடனின் தாலர்னா பகுதியில் உள்ள சில்யான் ஏரியைப் பார்க்க மிதிவண்டிதான் சரி. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பெரும்பள்ளத்தின் விளிம்பில் கிடக்கிறது இந்த ஏரி. விண்கல்லின் கைவரிசையை ரெத்விக் ஊருக்கு மேலேயுள்ள மேடுகளில் ஏறும்போது தொடைகளே சொல்லிவிடும்! அந்த ஊரின் 628 மீட்டர் மரப்பாலத்தில் மட்டும் இறங்கி நடப்பதே மரியாதை.

அங்கிருந்து மூரா நகருக்குப் போக நெடுஞ்சாலை வேண்டாம். லாரிகளோடு மல்லுக்கட்டுவதில் என்ன சுகம்? ஊர்களுக்குள் நுழைந்து போகும் பழைய சாலையில் ஃபாலுன் செம்பூச்சு பூசிய மரவீடுகள் வரிசைகட்டி வரும். வழியில் நூஸ்நேஸ் பட்டறைகளில் பைன்மரக் குதிரைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். ஒரே தூரிகையில் இரண்டு நிறங்களைத் தொட்டு, ஒரே இழுப்பில் நிழலும் வெளிச்சமுமாக ஓர் இதழ். சின்னக் குதிரை ஒன்று பைக்குள் அடங்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.