நிபந்தனை உதிர்ந்த வரைவிலக்கணங்கள்

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்துக்கு எந்த ஊர்ப் புத்தகக் கடையிலும் ஒரு குறுங்குறிப்பு கிடைக்கும். கேள்வி ஒரு வரி, விடை இரண்டு வரி. உயிரியல், புவி, சுற்றாடல் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். ரியூசன் வகுப்பும் கடந்தகால வினாத்தாள்களும் இந்த முறைக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. இதை மனப்பாடக் கல்வி என்று பழிக்காத கல்வி மேடை இல்லை. எனக்கு அந்தப் பழிப்பில் பாதிதான் உடன்பாடு.

போர்க்காலத்தில் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலைகளில் கிழக்கின் பிள்ளைகள் பலரைப் பரீட்சை மண்டபம் வரை கொண்டுபோனவை 1980 முதல் அரசு கொடுத்துவரும் இலவசப் பாடநூலும், கையால் எழுதிய இத்தகைய குறிப்புகளும்தான். கிழக்குக் கரையிலுள்ள சீனன்குடாவின் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே கேள்விக்கு ஒரே கலைச்சொல்லால் விடை எழுதுவது சின்ன விஷயம் அல்ல. சுருக்கத்துக்கு அறிவியல் நியாயமும் உண்டு. சூழற்றொகுதி என்பதற்கான ஒரு வரி வரைவிலக்கணம் தம்பலகாமத்து வயலுக்கும் பொருந்தும், கந்தளாய்க் குளத்துக்கும் பொருந்தும், புறாத்தீவின் முருகைக்கற்பாறைக்கும் பொருந்தும். இம்மூன்றையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குக்கூட அந்த ஒற்றுமை தானாகப் பிடிபடாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. குறிப்பு எழுதுபவர் முடிவை வைத்துக்கொண்டு நிபந்தனையை வெட்டிவிடுகிறார். எந்தச் சூழ்நிலையில் அந்தக் கூற்று உண்மையாகும் என்று சொல்லும் அரை வரிதான் முதலில் போவது. சீனன்குடாவைச் சுற்றியுள்ள எதையும் அந்த அரை வரி இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

தெற்கே தம்பலகாமக் குடாவின் கரையில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. கடற்பக்கத்திலிருந்து தரைப்பக்கமாக ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பட்டையாக வளரும் என்று குறிப்பிலுள்ள படம் காட்டும். அந்தப் படம் வற்றுப்பெருக்கு பல மீற்றர் உயரும் சுந்தரவனம் போன்ற கரைகளுக்கு உரியது. இலங்கையைச் சுற்றிக் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றரை எட்டுவதில்லை. அதனால் இங்கே கண்டல் ஒடுங்கிய விளிம்பாகவே நிற்கிறது. கண்டலும் கண்ணாவும் தில்லையும் படத்தில் உள்ளபடி வரிசை பிடிப்பதில்லை. படம் பொய் இல்லை. எந்தக் கடலுக்கு உரியது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வடக்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். வெந்நீரூற்றை எரிமலையோடு சேர்த்தே படித்த பிள்ளை அங்கேயும் எரிமலையைத் தேடும். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை செல்சியசு கூடும். இந்த ஒரு தரவை வைத்துக்கொண்டு, கிணற்று நீரின் சூட்டிலிருந்து அது குறைந்தது எவ்வளவு ஆழம் போய்வந்திருக்கும் என்று பத்தாம் தரப் பிள்ளை கணக்குப் போடலாம். தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தைக் குத்தினான் என்ற கதையிலாவது ஒரு காரணம் இருக்கிறது. ‘எரிமலைச் செயற்பாடு’ என்ற விடையில் அதுகூட இல்லை.

இந்த இரண்டிலும் தவறினால் போவது புள்ளி மட்டும். மூன்றாவது அப்படி அல்ல. சுனாமி பற்றி எல்லாருக்கும் மனப்பாடமான வரி, கடல் உள்வாங்கினால் ஓடு என்பது. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது உண்மை. ஆனால் அன்றைய நிலநடுக்கத்தில் சுமாத்திராவுக்கு அப்பால் கடற்றளம் உயர்ந்தது கடல் அகழியை ஒட்டிய மேற்குப் பக்கமாக, தாழ்ந்தது அதற்குக் கிழக்கே. உயர்ந்த பக்கத்தை நோக்கியிருந்த இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முதலில் வந்தது அலையின் முகடு. இங்கே கடல் வற்றிய இடங்களில் பெரும்பாலும் அது முதல் அலைக்குப் பின், அடுத்த அலைக்கு முன். வற்றுவதைக் கண்டபின் ஓடலாம் என்று காத்திருப்பவருக்குக் கிழக்குக் கரையில் அந்த அவகாசமே கிடைக்காமல் போகலாம்.

ஆழ்கடலில் இத்தகைய அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஆழம் 4,000 மீற்றர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். அன்று அலை இங்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது ஏன் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எச்சரிக்க முடியும் என்பதும்.

அப்படியானால் வகுப்பறையை விட்டுக் களத்துக்குப் போ என்பார்கள் சூழல்சார் கல்வியின் ஆதரவாளர்கள். சொல்வது சுலபம். சீனன்குடாவில் விமான நிலையம், விமானப்படைத் தளம், பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள், தொழிற்சாலைகள் என்று கரையின் பல துண்டுகளுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் கிடைத்தாலும் போகும் பயணம் பாதி சுற்றுலாவாக முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், களமும் ஏமாற்றும் என்பது. வெந்நீர்க் கிணற்றடியில் நிற்பவருக்குக் கீழே நெருப்பு எரிகிறது என்றே தோன்றும். தம்பலகாமக் குடாவை மட்டும் பார்த்தவர் உலகக் கண்டல் எல்லாம் ஒடுங்கிய விளிம்பு என்றே நினைப்பார். கண்ணை மறுத்துச் சொல்லக் கருத்து வேண்டும். சுமாத்திராவில் எந்தப் பக்கம் கடற்றளம் எழுந்தது என்பதைக் கொட்டியாரக் குடாவின் மணலில் நின்று அறிய முடியாது.

ஆகவே எனக்குக் குறுங்குறிப்பை எரிக்கவும் மனமில்லை, களப்பயணத்தை முழு மருந்தாக நம்பவும் மனமில்லை. மாற வேண்டியது வினாத்தாள். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதும் பரீட்சையில் நிபந்தனையை விளக்கும் நீண்ட விடைகளைத் திருத்துவது கடினம் என்பார்கள், நியாயம்தான். ஆனால் பல்தேர்வு வினாவாலும் நிபந்தனையைக் கேட்க முடியும். ‘சுனாமி என்றால் என்ன?’ என்பதற்குப் பதிலாக, ‘கடற்றளம் உயர்ந்த பக்கத்தை நோக்கிய கரைக்கு முதலில் வருவது முகடா, தாழியா?’ என்று கேட்டால் போதும். திருத்தும் நேரம் ஒரு நிமிடமும் அதிகரிக்காது. மாகாண, வலய மட்டத் தவணைப் பரீட்சைகளில் இதைத் தொடங்குவதற்குக் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தவணைத் தாளில் இரண்டு முறை வந்த கேள்வி மூன்றாம் முறை குறுங்குறிப்பிலும் ஏறிவிடும், இம்முறை நிபந்தனையோடு.