திரையில்லாத பலகையில் வரையலாமா? டிராயிங் டேப்லெட் வாங்கும்முன்

டிராயிங் டேப்லெட் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் விலைப் பேச்சை முதலில் எடுப்பதில்லை. இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். வீட்டில் லேப்டாப்போ கம்ப்யூட்டரோ இருக்கிறதா? இப்போது காகிதத்தில் வரைகிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாக வாங்கலாம். முதல் கேள்விக்கு இல்லை என்றால் நீங்கள் வாங்க வேண்டிய பொருளே வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவதற்கு இல்லை என்றால் ஒரு ஸ்கெட்ச் புத்தகமும் 2பி பென்சிலும் வாங்கி, சில மாதம் வரைந்துவிட்டு வாருங்கள். கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை டேப்லெட் நுணுக்கமாக அளக்கும். எங்கே அழுத்த வேண்டும் என்பதைக் கை ஏற்கனவே அறிந்திருக்க வேண்டும்.

நான் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறேன். என் மேசையில் இருப்பது வாகாம் நிறுவனத்தின் இன்டுவோஸ் வரிசையில் சிறியது, சிடிஎல்-4100. 2018இல் வந்த மாடல். எடை 230 கிராம். வரையும் பரப்பு 152க்கு 95 மில்லிமீட்டர், நம் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது. இதில் திரை கிடையாது. கறுப்பான ஒரு பலகை, ஒரு பேனா, கணினியோடு இணைக்க ஒரு யுஎஸ்பி கேபிள், அவ்வளவுதான். பலகையில் கை வரைய, கோடு கணினித் திரையில் விழும்.

பேனாவுக்குப் பேட்டரி இல்லை. பலகையின் மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய கம்பிகளின் வலை இருக்கிறது. அது எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனாவுக்குள் இருக்கும் சுருள் ஆற்றலை எடுத்துக்கொண்டு பதில் சைகை அனுப்புகிறது. நிப்பை அழுத்தினால் அந்தச் சைகை மாறும். இடமும் அழுத்தமும் கணினிக்குத் தெரிவது இப்படித்தான். சார்ஜ் போடும் தொல்லை இல்லை என்பதோடு பேனாவும் கனமில்லாமல் இருக்கிறது, நாள் முழுக்க வரைபவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு காலத்தில் பேட்டரியில்லாத பேனா என்றால் வாகாம்தான் என்றிருந்தது. இப்போது ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் அதையே தருகின்றன. அதனால் இன்று வாங்குபவர் பேட்டரி போடும் பேனா உள்ள பழைய மாடல்களை மலிவு என்று எடுக்கத் தேவையில்லை.

புதிதாக வாங்கியவர்கள் மனம் தளர்வது முதல் சில நாட்களில்தான். கை கீழே, கண் மேலே. காகிதத்தில் நிப் எங்கே இறங்குகிறது என்பதைக் கண் நேராகப் பார்க்கிறது, இங்கே அது முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பேனா பலகையைத் தொடுவதற்குச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கும்போதே திரையில் கர்சர் நகரத் தொடங்கிவிடும். பேனாவை அந்தரத்தில் நிறுத்தி, கர்சர் இருக்கும் இடத்தைக் கண்ணால் உறுதி செய்துகொண்டு, பிறகு இறக்க வேண்டும். பழகிய பிறகு இந்த மூன்றும் ஒரே அசைவாகிவிடும். முகம், கண் என்று எடுத்த எடுப்பில் வரைய உட்காராதீர்கள். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போடுங்கள். புள்ளியைத் தொடாமல் வளைந்து, தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டும் என்பதால் கண்ணுக்கும் கைக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நான் வகுப்பெடுக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் பாடமாகக் கொடுக்கிறேன். ஓவியர் கோபுலு பக்கவாதத்தில் வலக்கை முடங்கிய பிறகு இடக்கையால் வரைந்து பழகினார். வரையத் தெரிந்தவரின் கை புதிய ஏற்பாட்டுக்கு எவ்வளவு தூரம் இணங்கிப் போகும் என்பதற்கு அவரே சாட்சி. நமக்கு முன்னே இருப்பது அதைவிட மிக எளிய காரியம்.

டேப்லெட்டைப் பற்றிக் கிளம்பும் புகார்களில் பாதி, செட்டிங்கைச் சரிசெய்யாததால் வருபவை. பலகையின் நீள அகல விகிதம் 16:10. லேப்டாப் திரைகள் பல 16:9. டிரைவரை அப்படியே விட்டால் 152 மில்லிமீட்டரை அது திரையின் முழு அகலத்துக்கும், 95 மில்லிமீட்டரைத் திரையின் முழு உயரத்துக்கும் இழுத்துப் பொருத்திவிடும். கை சரியான வட்டம் போட்டாலும் திரையில் அது பக்கவாட்டில் பத்து சதவீதத்துக்கும் மேல் உப்பிய முட்டையாக வரும். இதை அறியாதவர்கள் தங்கள் கையைக் குறைசொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் போராடுகிறார்கள். டிரைவருக்குள் மேப்பிங் பகுதியில் விகிதத்தைக் கட்டாயமாக்கும் தேர்வு இருக்கும், அதை டிக் செய்தால் போதும். பலகையின் அடிப்பகுதியில் ஒன்பதரை மில்லிமீட்டர் அளவுக்கு வேலை செய்யாமல் போகும், வட்டம் வட்டமாக வரும். படுக்கைக் கோடு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே விழுகிறது என்றால் பலகை மேசையில் கோணலாக இருக்கிறது. பலகையின் நடுவும் திரையின் நடுவும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும்.

அளவைப் பற்றிக் கடையில் யாரும் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. 15.6 அங்குல லேப்டாப் திரையின் அகலம் சுமார் 345 மில்லிமீட்டர். சிறிய பலகையில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் கோடு இரண்டேகால் சென்டிமீட்டர் ஓடும். அதே பலகையை 24 அங்குல மானிட்டரோடு இணைத்தால் மூன்றரை சென்டிமீட்டர். கோடு பெரிதாகும் அதே அளவுக்குக் கையின் நடுக்கமும் பெரிதாகும். நடுத்தர அளவான சிடிஎல்-6100இன் பரப்பு 216க்கு 135 மில்லிமீட்டர். லேப்டாப்பில் அந்தப் பெருக்கம் 1.6 மடங்காகக் குறைந்துவிடுகிறது. மணிக்கட்டை மேசையில் ஊன்றி, சின்னச் சின்ன அசைவுகளில் வரைபவர்களுக்குச் சிறியது போதும். முழங்கையிலிருந்து வீசி நீண்ட கோடு இழுப்பவர்களுக்கு, அதாவது சார்ட் பேப்பரில் நின்றுகொண்டு வரைந்து பழகியவர்களுக்கு, சிறியது மூச்சு முட்டும். பெரிய மானிட்டர் வைத்திருப்பவர்களும் நடுத்தர அளவுக்கே போகலாம். என் லேப்டாப் வேலைக்குச் சிறியது பொருந்துகிறது, புடவை மடிப்பு மாதிரி நீளமாக ஓடும் கோடுகளுக்கு மட்டும் படத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு வரைய வேண்டியிருக்கிறது.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடுவது அழுத்த நிலைகளின் எண்ணிக்கையை. இன்டுவோஸில் 4096. வாகாமின் சிக்கன மாடலான ஒன் பை வாகாமில் 2048. ஹுயான், எக்ஸ்பி-பென் மாடல்கள் பலவற்றில் 8192. இந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 4096க்கும் 8192க்கும் உள்ள வேறுபாட்டை விரல் உணராது. விரல் உணர்வது வேறொன்றை: கோடு தொடங்க எவ்வளவு குறைந்த அழுத்தம் போதும் என்பதை. இமை முடியை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிப் பலகையை முத்தமிட்டு விலகும்போது ஒரு மயிரிழை விழ வேண்டும். அந்த மெல்லிய தொடுதலைப் பேனா கவனிக்கவில்லை என்றால் கோடு நடுவிலிருந்து திடீரெனத் தடித்துத் தொடங்கும், இமை குச்சி குச்சியாக நிற்கும். கடையில் பெட்டியைத் திறந்து காட்டினால் இதைத்தான் சோதிக்க வேண்டும். இன்டுவோஸ் இதில் எனக்குத் திருப்தி. டிரைவரில் பேனா முனையை மென்மை, கடினம் என்று மாற்றும் ஸ்லைடர் இருக்கிறது. கை இலேசானவர்கள் அதை மென்மைப் பக்கம் தள்ள வேண்டும். கிரிட்டா மென்பொருளிலும் அழுத்தத்துக்கென ஒரு வளைகோடு இருக்கிறது, அதன் இடது முனையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் இலேசான தொடுதலுக்கும் கோடு விழும். ஒருமுறை உட்கார்ந்து இதைச் சரிசெய்வது, விலை கூடிய மாடலுக்கு மாறுவதைவிட அதிகப் பலன் தரும்.

இன்னொரு சோதனை, ஸ்கேலை வைத்து மிக மெதுவாக ஒரு சாய்கோடு. வேகமாக இழுத்தால் எல்லா டேப்லெட்டும் நல்ல டேப்லெட்தான். மெதுவாக இழுக்கும்போது கோடு படிக்கட்டுபோல அலைந்தால் அந்தப் பலகை இடத்தைச் சரியாகப் படிக்கவில்லை. இலேசான அலைச்சலை கிரிட்டாவின் ஸ்டெபிலைசர் மறைத்துவிடும், ஆனால் அதைக் கூட்டிவைத்தால் கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வரும், படத்தில் உயிர் குறையும். கோட்டோவியத்தின் அழகே கையின் வேகம் கோட்டில் தெரிவதுதான். சிற்பங்களை வரைந்த ஓவியர் சில்பியின் கோடுகளை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

என் இன்டுவோஸில் பேனாச் சாய்வை உணரும் வசதி இல்லை. பென்சிலைப் படுக்கவைத்து ஷேடிங் செய்யும் பழக்கம் உங்கள் பாணியின் உயிர் என்றால் எக்ஸ்பி-பென் டெக்கோ 01 வி2 போன்றவற்றைப் பாருங்கள், 10க்கு 6.25 அங்குலப் பரப்போடு சாய்வையும் அது உணர்கிறது. எனக்கு இங்கிங் வேலைதான் அதிகம், சாய்வு இல்லாதது குறையாகப் படவில்லை. பலகையின் மேலே நான்கு பட்டன்கள் இருக்கின்றன, நான் அவற்றைத் தொடுவதே இல்லை. இடக்கை கீபோர்டிலேயே இருக்கிறது: கிரிட்டாவில் 4ஐயும் 6ஐயும் அழுத்தினால் தாள் திரும்பும், எம் அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறும். முகத்தின் ஒரு கண் மேலேறி இருப்பது அப்படித் திருப்பிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கிரிட்டா முழுக்க இலவசம், கதைப்படம் வரைய வேறு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. நிப் தேயும். ஒரு பக்கமாகத் தேய்ந்து விளிம்பு கூரானதும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பலகையில் கீறல் விழும். மாற்று நிப்கள் மூன்று பேனாவுக்குள்ளேயே இருக்கின்றன.

சிக்கனமாகத் தொடங்க விரும்புபவருக்கு ஒன் பை வாகாமும் ஹுயான் எச்640பியும் போதுமானவை. முன்னதில் பட்டன்கள் இல்லை, பின்னதில் 160க்கு 100 மில்லிமீட்டர் பரப்பும் ஆறு பட்டன்களும் உண்டு. லோகோ, எழுத்து வடிவமைப்பு என்று வெக்டர் வேலை மட்டுமே செய்பவர்களுக்கு நான் எதையுமே வாங்கச் சொல்ல மாட்டேன், அந்த வேலைக்கு மவுஸே போதும்.

திரையுள்ள டேப்லெட்டை வாங்கலாமா? திரைமேலேயே வரையும் சுகம் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் விலை பல மடங்கு. ஹுயான் காம்வாஸ் 13, வாகாம் ஒன் 13 போன்றவற்றில் 13.3 அங்குலத் திரை இருந்தும் கணினி தனியாக வேண்டும், கேபிள்கள் கூடும். மணிக்கணக்கில் கழுத்தை வளைத்தே வரைய வேண்டும், வரையும் கையே படத்தின் பாதியை மறைக்கும். திரையில்லாத பலகையில் கழுத்து நிமிர்ந்திருக்கிறது, படம் முழுதும் கண்முன்னே இருக்கிறது. முதல் டேப்லெட்டுக்கே அந்தப் பணத்தைச் செலவிடுவதை நான் எதிர்க்கிறேன். படம் வரைந்து வருமானம் வரத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம்.

கணினி இல்லாதவர்களுக்கு: பேனா டேப்லெட்டை ஓடிஜி கேபிளில் போனோடு இணைத்துச் சமாளிக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பல மாடல்களில் இணைக்கலாம்தான், ஆனால் நெட்டுக்குத்தாகப் பிடித்த போன் திரைக்குப் பலகையின் ஒரு துண்டு மட்டுமே பயன்படும். அதற்குப் பதில் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் நல்ல தேர்வு. 10.4 அங்குலத் திரை, அழுத்தத்தை உணரும் எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. ஐபேட் பக்கம் போகிறவர்கள் ஒன்றில் விழிப்பாக இருங்கள். ஆப்பிள் பென்சிலின் யுஎஸ்பி-சி வகை, 2023இல் வந்தது, அழுத்தத்தை உணராது. குறிப்பெழுத அது சரி, ஓவியத்துக்கு ஆகாது. ப்ரோகிரியேட் செயலியை நம்பி ஐபேட் வாங்கிவிட்டு இந்தப் பென்சிலை எடுத்துவிட்டால் கோடு எப்படி அழுத்தினாலும் ஒரே தடிமனில்தான் வரும். உங்கள் ஐபேட் மாடலுக்கு அழுத்தம் உணரும் பென்சில் எது என்று பார்த்து, அதன் விலையையும் கூட்டி, பிறகு கணக்குப் போடுங்கள்.

கைமாறிய பேனா டேப்லெட் வாங்குவதில் தவறில்லை. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக ஆசிரியர்கள் பலர் வாங்கினார்கள், அவற்றில் சில அதிகம் தேயாமல் விற்பனைக்கு வருகின்றன. நேரில் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் பளபளத்தால் பரப்பின் சொரசொரப்பு போய்விட்டது, பேனா வழுக்கும். உங்கள் லேப்டாப்பையே கொண்டு போய் டிரைவரை நிறுவி, இமை முடியும் மெதுவான சாய்கோடும் வரைந்து பாருங்கள். கேபிள் செருகும் இடத்தை இலேசாக அசைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா என்பதும் முக்கியம். பேனா இல்லாமல் பலகையை மட்டும் மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். வேறு மாடலின் பேனா அதில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.