கணனியின் வேகத்தை அளத்தல்: ஒரு விமர்சன நோக்கு

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது மாதிரியெடுத்தலின் நியாயத்தைச் சுருங்கக் கூறும் பழமொழி. கணனி முறைவழியாக்கிகளின் ஆற்றலை அளக்க எழுந்த முயற்சிகள் யாவும் இந்நியாயத்தையே நம்பியுள்ளன. ஆயின் அது செல்லுபடியாவதற்கு இரு நிபந்தனைகள் உள: பானை ஒன்றாயிருத்தல் வேண்டும், எச்சோறு எடுக்கப்படும் என்பதைச் சமைப்பவர் முன்னரே அறியாதிருத்தல் வேண்டும். இவை நிறைவேறுகின்றனவா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

1972 இல் பிரித்தானியாவில் உருவான வெற்ஸ்ரோனும், 1984 இல் றைன்ஹோல்ட் வைக்கர் ஆக்கிய டிரைஸ்ரோனும் செயற்கைச் செய்நிரல்கள். உண்மையான செய்நிரல்களில் எவ்வகைக் கூற்று எத்துணை முறை வருகின்றது எனக் கணக்கிட்டு, அவ்விகிதத்தைத் தழுவி அவை கோக்கப்பட்டன. ஆனால் அவற்றின் விடைகள் எவருக்கும் தேவைப்படுவன அல்ல. தேவையற்ற கணிப்பைத் தொகுப்பான் நீக்கிவிடின் வேகம் கூடியதாகத் தோன்றும், வேலை கூடியிராது.

மெய்யான செய்நிரல்களைக் கொண்டே அளக்கும் நோக்குடன் 1988 இல் ஸ்பெக் அமைப்பு நிறுவப்பட்டது. மறுவருடம் வெளிவந்த அதன் முதற்றொகுதியில் சீ மொழித் தொகுப்பான், மின்சுற்றுப் பகுப்பாய்வு முதலான பத்துச் செய்நிரல்கள் இடம்பெற்றன. வக்ஸ்-11/780 கணனியோடு ஒப்பிட்டுப் பெற்ற விகிதங்களின் பெருக்கலிடையே இறுதிப் புள்ளியாயிற்று. எனினும் அவற்றுள் ஒன்றான மற்றிக்ஸ்300 என்னும் தாயப் பெருக்கற் செய்நிரல், ஏறத்தாழத் தன் நேரம் முழுவதையும் ஒரே வரியிற் செலவிட்டது. தொகுப்பான்கள் அவ்வரியை இலக்காகக் கொள்ளவே புள்ளி பன்மடங்காகியது; 1992 ஆம் ஆண்டுத் தொகுதியில் அது கைவிடப்பட்டது. 2024 இலும், ஒரு குறித்த செய்நிரலுக்கெனவே முன்னறிவோடு அமைந்த இன்டெல் தொகுப்பான் ஒன்றின் பொருட்டு, 2,600 க்கு மேற்பட்ட பெறுபேறுகளை ஸ்பெக் விதிக்கு ஒவ்வாதன எனக் குறித்தது. இரண்டாம் நிபந்தனையின் நிலை இதுவாகும்.

முதல் நிபந்தனை இன்னும் சிக்கலானது. பப்கோ கூட்டமைப்பின் சிஸ்மார்க், அலுவலக மென்பொருள்களையே இயக்கி அவற்றின் மறுமொழி நேரத்தை அளப்பது. அன்றாடப் பணியை அளப்பதாக அது கூறுமாயின், எவருடைய அன்றாடம் என நாம் வினவுதல் தகும். 2011 இல் சிஸ்மார்க் 2012 பொதுப் பயனாளரின் பணியைப் பிரதிபலிக்கவில்லை என்று கூறி ஏஎம்டி நிறுவனம் பப்கோவிலிருந்து விலகியது. பப்கோ அக்குற்றச்சாட்டை மறுத்தது. விற்பவரே அளவுகோலைத் தெரியும் அவையில் அமரும்போது இத்தகைய பூசல் தவிர்க்கவியலாதது.

ஒற்றைப் புள்ளி இவ்வேறுபாட்டை மறைத்தும்விடுகின்றது. இரு செய்நிரல்களில் ஒரு கணனி 2, 8 என்னும் விகிதங்களையும், மற்றொன்று 4, 4 என்னும் விகிதங்களையும் பெறுவதாகக் கொள்வோம். இரண்டின் பெருக்கலிடையும் 4 ஆகும். ஆயினும் முதற் செய்நிரலை மாத்திரம் பயன்படுத்துவோருக்கு இரண்டாங் கணனி இருமடங்கு விரைவானது.

எனவே அன்றாட மென்பொருள்களைக் கொண்டு அளத்தல் செயற்கைச் செய்நிரல்களிலும் மேலானதே, அதனைப் புறக்கணிப்பதற்கில்லை. ஆனால் அதன் பயன், இறுதிப் புள்ளியிலன்று, ஒவ்வொரு செய்நிரலுக்கும் தனித்தனியே தரப்படும் நேரத்திலேயே தங்கியுள்ளது. ஸ்பெக் அவ்விவரத்தை வெளியிடுவது அதன் தலையாய சிறப்பு எனலாம். ஆய்வுகூடத்துக்குக் கணனி தெரிவோர் தம் பணியை முதலில் வரையறுத்து, அதனை ஒத்த வரியைப் பட்டியலிற் தேடுதல் வேண்டும். தத்தம் பானையிலிருந்து எடுத்த சோறே அவரவர்க்குப் பதம்.