வேட்டை ஜாதி இல்லாத நாய்

தமிழில் நாயின் இனத்தைக் கேட்பதற்கு நாம் பயன்படுத்துகிற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். "என்ன ஜாதி நாய்?" என்றுதான் கேட்போம். விலை கொடுத்து வாங்கினால் "ஜாதி நாய்", தெருவில் கிடைத்தால் வெறும் நாய். ஒரு நாய் எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்தே முடிவு பண்ணிவிடுகிறோம். இந்தக் குறிப்பு அந்தப் பழக்கத்தைப் பற்றியது. எங்கள் வீட்டு நாயும் ஒரு பறவையும் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால் முதலில் அந்தக் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிக் காலி மனைகள்தான். வேலிகாத்தான் புதர், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், அதில் கொக்கும் கானாங்கோழியும். எங்களிடம் டாமி என்று வெள்ளை நாய் ஒன்று இருந்தது. "பொமரேனியன்" என்று சொல்லித்தான் வாங்கினோம். அந்தக் காலத்தில் நடுத்தர வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. புஸுபுஸுவென்று முடி, ஓயாத குரைப்பு. வேட்டைக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாமா லீவுக்கு வரும்போது ஏர்கன் கொண்டுவருவார். மரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாவைச் சுடுவார். அது சட்டப்படி குற்றம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. புறா புதருக்குள் விழுந்தால் முள்ளுக்குப் பயந்து நாங்கள் போக மாட்டோம், டாமி போகும். முதல் தடவை தானாகப் போனது. இரண்டாவது தடவை நான் "எடுத்துட்டு வா" என்றேன். கொண்டுவந்ததும் பிஸ்கட் கொடுத்தேன். அந்த லீவு முடிவதற்குள் ஏர்கன் சத்தம் கேட்டாலே மரத்தடியில் போய் நிற்கப் பழகிவிட்டது. "பாருடா, பொமரேனியன் வேட்டைக்குப் போகுது" என்று தெருவே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் ஒரு நம்பிக்கை: வேட்டை என்பது சில நாய்களின் ரத்தத்தில் இருக்கிறது, மற்ற நாய்களின் ரத்தத்தில் இல்லை. இது சரியா?

நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ரேமண்ட் கோப்பிங்கர் இதை ஒரு சங்கிலியாக விளக்குவார். இரையைக் கவனித்தல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்துத் தின்னுதல். ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுசாக இருக்கிறது. மனிதன் இனப்பெருக்கத்தால் செய்தது, சில கண்ணிகளைப் பெரிதாக்கி வேறு சிலவற்றை மழுக்கியதுதான். பாயிண்டர் நாய் பறவையைக் கண்டதும் உறைந்து நிற்கும், துரத்தாது. ரெட்ரீவர் கவ்வும், கடித்து நொறுக்காது. ஆக, பறவை வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நாயின் சிறப்பு, அதன் அடக்கம். எங்கள் டாமிக்கு வேட்டை தெரியாமல் இல்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. இன்று பறவை எடுத்துவரும் நாய் என்று உலகமே கொண்டாடும் லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நாய்கள். மீனையும் வலையையும் தண்ணீரிலிருந்து இழுத்துக் கொடுத்தவை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் கைக்கு வந்த பிறகுதான் அது துப்பாக்கிக்காரனின் நாய். எதிர்த்திசையில் போனது பூடில். வாத்து வேட்டைக்குத் தண்ணீரில் குதித்த நாய், இன்று முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருக்கிறது. டாமியின் தூரத்து உறவுக்காரனான ஃபின்னிஷ் ஸ்பிட்ஸோ ஃபின்லாந்தின் தேசிய நாய். மரத்தில் பறவை உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, வேட்டைக்காரன் வந்து சேரும்வரை அடியில் நின்று குரைப்பதுதான் அதன் தொழில். எங்கள் தெரு எதைப் பார்த்துச் சிரித்ததோ, அது வடக்கே ஒரு நாட்டில் மதிப்பான வேலை.

நம் எழுத்துகளுக்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர்கள் நாய்களோடு போய்ப் புதரைக் கலைத்து, வலை கட்டி முயல் பிடிக்கிறார்கள். நாய் பிடித்துத் தந்த உடும்பும் அவர்கள் உணவில் இருக்கிறது. அங்கே நாய் இருக்கிறது, நாயின் ஜாதி இல்லை. திருக்குறளில் (274) பறவை வேட்டை உவமையாக வருகிறது. வேடன் புதருக்குள் மறைந்திருந்து பறவையைப் பிடிப்பதைப் போலத்தான் தவவேடத்தில் மறைந்து தீமை செய்வது என்கிறார் வள்ளுவர். இங்கே நாயே இல்லை, இருக்கவும் முடியாது. பதுங்கிக் கண்ணி வைக்கிறவனுக்கு நாய் காரியத்தைக் கெடுக்கும். முயலுக்கு நாய், பறவைக்குக் கண்ணி என்பது இந்த நிலத்துக்குப் பொருந்திய முறை. பறவைக்கு நாய் என்பது, பறக்கும்போதே சுட்டு வீழ்த்தும் துப்பாக்கி வந்தபின் பெரிதாக வளர்ந்த ஏற்பாடு.

அதனால்தான் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் பற்றிய இன்றைய பெருமைப் பேச்சில் எனக்கு ஒரு உறுத்தல். 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020இல் பிரதமரின் வானொலி உரையில் நம் நாய்களின் பெயர்கள் வந்தன. நல்லதுதான், அழிந்துபோக விடக்கூடாது. ஆனால் இந்தப் பேச்சு "வீரம்", "ரத்தம்", "கலப்பில்லாதது" என்ற சொற்களைத் தாண்டிப் போவதே இல்லை. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்துகிற முயல் நாய். கவுதாரியை முகர்ந்து கண்டுபிடித்துச் சேதமில்லாமல் கொண்டுவரும் வேலைக்கு அதை யாரும் உருவாக்கவில்லை. அந்த வேலையைப் பொறுத்தவரை அதுவும் வேட்டை ஜாதி இல்லாத நாய்தான்! 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் மாரி செல்வராஜ் ஒரு வேட்டை நாயை ரயில் தண்டவாளத்தில் சாகவிட்டு மனிதர்களின் சாதியைக் காட்டினார். கருப்பியின் பெயரைக் கண்ணீரோடு சொல்கிற நாம், நாய்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதே தூய்மைக் கணக்கைக் கூசாமல் எடுத்துவிடுகிறோம்.

நாயைப் பற்றி நல்லா எழுதப்பட்ட வேட்டைக் கட்டுரை என்றால் எனக்கு ஜிம் கார்பெட்டின் 'ராபின்' தான். குமாவோன் ஆட்கொல்லிகள் புத்தகத்தில் (1944) வருவது. ராபின் ஒரு ஸ்பானியல், அதாவது பறவை நாய். பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய நோஞ்சான் குட்டி. அதைக் கூட்டிக்கொண்டு கார்பெட் சிறுத்தையின் தடம் பார்க்கப் போகிறார். ஜாதிக்கு ஒதுக்கிய வேலையைத் தாண்டிய நாய். கட்டுரையின் பலம், கார்பெட் அதை அதிசயமாக விற்கவில்லை என்பது. பழகிப் பழகி வந்த நம்பிக்கை என்கிற மாதிரி எழுதுகிறார். குறை என்று நான் சொல்வது ஒன்றுதான். பயிற்சியின் இன்னொரு பக்கம் அதில் இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் நாய் கற்றதை மறக்காது. கார்பெட் காட்டின் ஓரத்தில் இருந்தார், அந்தக் கேள்வி அவருக்கு எழவில்லை. எங்களுக்கு எழுந்தது.

மாமா ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் டாமி தானாக வெளியே போய், வாயில் ஒரு ஆள்காட்டிக் குஞ்சோடு வந்தது. என் காலடியில் வைத்துவிட்டுப் பிஸ்கட்டுக்காக நின்றது. குஞ்சு செத்திருந்தது. ஆள்காட்டி கூடு கட்டாது, வெட்ட வெளித் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டை இடும். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் அந்தப் பெயர். தாயும் தகப்பனும் அன்று சாயங்காலம்வரை எங்கள் மொட்டை மாடிக்கு மேலேயே சுற்றிச்சுற்றிக் கத்தின. அப்பா சொன்னார்: "அது வேட்டை நாய் இல்லடா, விளையாட்டா தூக்கிட்டு வந்திருக்கு." நானும் சரின்னு தலையாட்டினேன். பிஸ்கட் கொடுத்தது யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாக்கியத்தை இன்றும் கேட்கிறேன். செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்கள் நாயின் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, "ஒன்னும் பண்ணாது சார், இது அந்த ஜாதி இல்ல" என்கிறார்கள். நாய் தாழைக்கோழியைத் துரத்திக்கொண்டு கோரைக்குள் பாய்கிறது. சட்டம் ஜாதி பார்ப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை. பிடிக்க, விரட்ட, துரத்த எடுக்கும் முயற்சியும் சேர்த்தி. 2018இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, நாய்களால் தாக்கப்பட்டதாகப் பதிவான 80 வகை உயிரினங்களைப் பட்டியலிட்டது. அதில் 31 அழியும் ஆபத்தில் இருப்பவை. தாக்கிய நாய்கள் எந்தப் போட்டியிலும் வேட்டை இனம் என்று மெடல் வாங்கியவை அல்ல, நம்மைச் சுற்றித் திரியும் சாதாரண நாய்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே ஏரிக்கரையில் ஒரு நரிக்குறவர் கையில் கண்ணியோடு நின்றால் எல்லாரும் செல்போனை எடுப்போம். அவரை வேட்டைக்காரர் என்று அழைக்க நமக்கு ஒரு நொடிகூட யோசனை வராது. நம் நாய் செய்தால் அது விளையாட்டு. ஜாதி நாய் என்ற சொல் நாய்க்கு மட்டும் சான்றிதழ் கொடுப்பதில்லை, சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருக்கிறவருக்கும் சேர்த்தே கொடுக்கிறது.

எங்கள் பக்கத்துக் காலி மனைகளெல்லாம் இப்போது அடுக்குமாடி. மழை பெய்த மறுநாள், கட்டி முடிக்காத ஒரு மனையில் எப்போதாவது ஆள்காட்டி கத்துவது கேட்கும். எந்த நாய் அந்தப் பக்கம் போகிறது என்று எட்டிப் பார்ப்பேன். என்ன ஜாதி என்று பார்ப்பதில்லை, சங்கிலி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.