கைவேலைத் தோல் கியூ கேஸ்: உள்ளே என்ன இருக்கிறது?

கையால் செய்த தோல் கியூ கேஸைக் காட்டினால் எல்லோர் கண்ணும் பூவேலையில்தான் விழும். நான் முதலில் மூடியைத் திறந்து குழாய்களைப் பார்ப்பேன். ஓராண்டுக்கு மேலாக ஹூஸ்டனில் பூல் லீக் ஆட்டங்களுக்கு என் தோளில் வந்துபோகும் இந்தக் கேஸின் தரமும் அங்கேதான் இருக்கிறது.

பூல் ஆடும் கோலான கியூ சுமார் 58 அங்குலம். சரிபாதியில் மரை கழற்றி இரண்டாக்கலாம். கனமான பின்பாதி பட், மெலிந்த முன்பாதி ஷாஃப்ட். ஸ்னூக்கர் கியூக்களில் பல முக்கால்வாசியில் பிரிவதால் அவற்றின் கேஸ் நீளமாக இருக்கும். பூல் கேஸ் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் குட்டை. என்னுடையது 34 அங்குலம். இரண்டு பட்டும் நான்கு ஷாஃப்ட்டும் கொள்ளும். ஆட்டக்காரர்கள் வாயில் இது 'டூ பை ஃபோர்'.

ஆறு குழாய்களுக்கும் உள்ளே கெட்டியான துணி ஒட்டி, அடியில் மெத்தை வைத்திருக்கிறார்கள். ஷாஃப்ட் மேப்பிள் மரம். நுனி 13 மில்லிமீட்டருக்குள். குழாய் தளர்வாக இருந்தால் நடக்க நடக்க அது இடிபட்டுக்கொண்டே வரும். இந்தக் கேஸை எப்படிக் குலுக்கினாலும் சத்தமில்லை. தலைகீழாகக் கவிழ்த்தால் பட் பொத்தென்று விழாமல், உள்ளே இருக்கும் காற்றை அழுத்திக்கொண்டு மெல்ல வழுக்கி வருகிறது. அளவு இவ்வளவு கச்சிதமாக அமைவதற்காகவே கைவேலைக்காரரிடம் போகலாம். ஒரு குறை: ரப்பர் கைப்பிடி போட்ட பட் இந்தத் துணியில் சிக்கும், திருகித்தான் எடுக்க வேண்டும்.

இனி தோலுக்கு வருவோம். மேல்தோல் மூன்றரை மில்லிமீட்டர் தடிமனான மாட்டுத்தோல், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. குரோமில் பதனிட்டால் தோல் சீக்கிரம் தயாராகிவிடும், மிருதுவாகவும் இருக்கும். ஆனால் அதில் பூவேலை நிற்காது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல்தான் தண்ணீர் பட்டதும் இளகி, வெட்டையும் குத்தையும் வாங்கிக்கொண்டு, காய்ந்ததும் அப்படியே இறுகும். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் அன்று லண்டன் சந்தைக்குப் போனதும் இந்த வகைதான்.

என் கேஸில் இருப்பது ஷெரிடன் பாணி வேலை. வயோமிங் மாநிலத்து ஷெரிடன் ஊரில் குதிரைச் சேணம் செய்துவந்த டான் கிங் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாணி அது: காட்டு ரோஜாக்கள், அவற்றைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடும் கொடிகள். விரலிடுக்கில் சுழலும் கத்தியால் முதலில் கோடு வெட்டி, கோட்டின் ஒரு பக்கத்தை அச்சால் தட்டி அமுக்கினால் இதழ் எழுந்து நிற்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன்: இதழ் ஓரத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே படி தெரியவில்லை, ஒரே வழுவழுப்பு. இதில் அவசரக் கையாக இருந்தால் அந்த இடம் படிக்கட்டு மாதிரிக் காட்டிக்கொடுத்துவிடும். பூவின் பள்ளங்களில், கியூ நுனியில் தேய்க்கும் நீலச் சாக்குத்தூள் போய் உட்காரும். மென்மையான பிரஷ் போதும். ஈரத்துணி போட்டால் தூள் சேறாகி ஒட்டிக்கொள்ளும்.

தையல் முழுக்கக் கைத்தையல். மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து இழுப்பது. மிஷின் தையலில் ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். இதில் ஓர் ஓட்டம் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பத்து வருடம் கழித்து ஒரு வார் பிய்ந்தாலும், தோல் வேலை தெரிந்த யாரும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். நைலான் கேஸில் ஜிப் போனால் பெரும்பாலும் கேஸே போன மாதிரி.

கனத்தைச் சொல்லியாக வேண்டும். காலியாகவே மூன்று கிலோவை நெருங்குகிறது. கியூ ஒவ்வொன்றும் 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தோள்பட்டை வாரை அகலமாகக் கேட்டிருந்தேன். ஒன்றரை அங்குலத்தில்தான் வந்தது. பார்க்கிங்கிலிருந்து நடப்பதற்குள் தோளில் தடம் பதிந்துவிடுகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு பல மாதம் காக்க வைத்தவர் இதைக் கவனித்திருக்கலாம்.

தடித்த தோல் வெயிலைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. டெக்சாஸ் கோடையில் மூடிய காருக்குள் விட்டுப்போனால் ஷாஃப்ட் வளையலாம், பசை விடலாம். வீட்டில் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கக் கூடாது. இந்த ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும். பருத்தித் துணிப்பை போதும்.

ஐம்பது, அறுபது டாலருக்கே நல்ல நைலான் கேஸ் கிடைக்கிறது. பூவேலை செய்த கைவேலைக் கேஸ் ஆயிரத்தைத் தாண்டிவிடும். இருநூறு டாலர் கியூ வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். நல்ல கியூ இரண்டு வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் ஆடுகிறவர் தாராளமாக வாங்கலாம், பூவேலை இல்லாமல் வாங்கினாலும் குழாயும் தையலும் இதே தரத்தில் இருந்தால் போதும்.

விமானப் பயணத்துக்கு இது சரிப்படாது. அமெரிக்காவில் கியூவைக் கைப்பையாகக் கேபினுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை, செக்-இன் லக்கேஜில்தான் போட வேண்டும். 34 அங்குலக் கேஸ் 28 அங்குலப் பெட்டியில் நேராக நிற்காது. வெறும் கேஸாகக் கன்வேயரில் விட்டால் ரோஜா இதழ்கள் தேய்ந்துதான் திரும்பும். வெளியூர்ப் போட்டிக்கு, பஞ்சு சுற்றிய தடித்த பிவிசி பைப்பில் கியூக்களை அனுப்பிவிட்டுத் தோல் கேஸை வீட்டில் விட்டுப் போகிறேன்.