எட்டு பாயின்ட் காற்று

முதல் பார்வைக்குப் பொருந்தாத ஜோடிதான். மேலே, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்திய ஒல்லியான விமானம். கீழே, 31 அங்குல விட்டத்தில் கறுத்துப் பருத்த இரண்டு டயர்கள். அப்பாவின் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற குழந்தை நினைவுக்கு வரும். ஆனால் பைப்பர் சூப்பர் கப் என்கிற அந்த விமானம் அலாஸ்காவின் ஆற்றுத் திட்டு ஒன்றில் நிற்கிற படத்தைப் பாருங்கள். சுற்றிலும் தேங்காய் அளவுக்குக் கூழாங்கற்கள், நடுவே வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த மரக்கட்டை, கண்ணுக்கெட்டியவரை பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. விமானம் தன் ஓடுபாதையைக் காலிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

சூப்பர் கப் 1949-இல் வந்த விமானம். முன்னும் பின்னுமாக இருவர் உட்காரலாம். வால் பக்கம் ஒரு சிறு சக்கரம். அலாஸ்காவின் பெரும்பாலான ஊர்களுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. தலைநகரான ஜூனோவுக்கே கிடையாது. பனிப்பாறைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் சடை பிரித்துப் போட்டதுபோலப் பல கால்களாகப் பிரிந்து, இடையிடையே கல்லும் மணலுமாகத் திட்டுகளை விட்டுச் செல்கின்றன. வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் அந்தத் திட்டுகளே விமான நிலையங்கள். 1930-களில் பாப் ரீவ் என்ற விமானி வால்டெஸ் ஊரின் கடலோரச் சேற்றிலிருந்து, கோடைகாலத்திலும் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, பனிமலைச் சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றிப் போனார். நிலத்துக்கு ஏற்ற கால் வேண்டும் என்ற தேடல் அங்கே அவ்வளவு பழையது. இன்று அந்தத் தேடல் வந்து நிற்கிற இடம் 'அலாஸ்கன் புஷ்வீல்' என்ற டயர்.

இதன் நயம் பருமனில் இல்லை, உள்ளே இருக்கிற காற்றில் இருக்கிறது. நம் பஞ்சர் கடைக் கணக்கில் சொன்னால் காருக்கு 30 பாயின்ட் காற்று வைப்போம். இந்த டயருக்கு 8 பாயின்ட் போதும். இன்னும் குறைத்து வைப்பவர்களும் உண்டு. முழுச் சுமையோடு சூப்பர் கப்பின் எடை 1750 பவுண்டு, அதாவது 794 கிலோ. முன் சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 800 பவுண்டு தாங்குவதாக வைத்துக்கொள்வோம். 20 பாயின்ட் காற்றென்றால், அதாவது சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தம் என்றால், டயர் தரையில் 40 சதுர அங்குலம் பதிந்தால் போதும், சுமை சமன்பட்டுவிடும். 8 பாயின்ட் என்றால் 100 சதுர அங்குலம் பதிந்தாக வேண்டும். விரித்த கை அகலத்தில் ஊன்றிய கால், உணவுத் தட்டு அகலத்துக்கு விரிகிறது. யானையின் பாதம் இப்படித்தான். எடை இறங்க இறங்க அடிச்சதை விரிந்து கொடுக்கும். அதனால்தான் அத்தனை பெரிய உடம்பு சத்தமில்லாமல் நடந்து போகிறது. துந்திரா என்ற குளிர்ச் சமவெளியின் பாசியும் புல்லும் ஒருமுறை கீறுபட்டால் தழும்பு ஆறப் பல ஆண்டுகள் ஆகும். அங்கே அழுத்தாமல் ஊன்றுகிற காலுக்குத் தனி மதிப்பு.

கல்லைத் தாண்டுவதில் உயரம் வேலை செய்கிறது. நான்கு அங்குலக் கல் ஒன்று எதிரே கிடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த சுமார் 18 அங்குலச் சக்கரம், டயரின் மென்மையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அதில் ஏற, தான் தாங்கும் எடையைப்போல் ஒன்றரை மடங்கு விசை கேட்கும். 31 அங்குலச் சக்கரத்துக்கு அந்த எடையில் பத்தில் ஒன்பது பங்கு போதும். இது வெறும் வட்டத்தின் கணக்கு. இதற்குமேல் டயரின் மென்மை வந்து சேர்கிறது. கல் டயரை மேலே தூக்குவதில்லை, டயருக்குள் புதைகிறது. மெதுவாக ஓடவிட்ட காணொளிகளில் பார்த்திருக்கிறேன்: கல் முனை பட்ட இடத்தில் ரப்பர் குழிந்து, கல்லை விழுங்கி, மறுபக்கம் உமிழ்ந்துவிட்டுப் போகிறது. விமானத்தின் உடல் அதிகம் அதிர்வதில்லை. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வால்வு இருக்கும் இடம். காற்று குறைவாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின்மேல் நழுவிச் சற்றே சுழலும். சாதாரணச் சக்கரத்தில் வால்வு ரிம்மின் துளை வழியாக வெளியே வந்து நிற்கிறது. டயர் நழுவினால் டியூப்பும் கூடவே இழுபடும், வால்வின் கழுத்து அறுந்துபோகும். மனிதர் யாரும் இல்லாத திட்டில் அப்படி ஆனால் விமானி அகப்பட்டுக்கொண்டார் என்று அர்த்தம். புஷ்வீலில் டியூப் டயரோடு ஒன்றாகவே இருக்கிறது. வால்வு டயரின் பக்கச் சுவரில் முளைத்திருக்கிறது. டயர் ரிம்மில் நழுவினாலும் வால்வும் சேர்ந்தே சுழன்றுகொள்ளும். அறுபட அங்கே எதுவுமில்லை. நழுவலைத் தடுக்க முயலாமல், நழுவட்டும் என்று இடம் கொடுத்துவிட்ட கை எவருடையதோ, அதற்கு ஒரு வணக்கம்.

டயர் மாறியதும் விமானத்தின் நிற்கும் தோரணையும் மாறுகிறது. மூக்கு ஏறக்குறைய ஆறு அங்குலம் உயர்கிறது. புரொப்பெல்லர் முனைக்கும் கற்களுக்கும் நடுவே அவ்வளவு கூடுதல் இடைவெளி. வால் தரையில் இருக்கும்போது இறக்கை வானத்தைப் பார்க்கும் கோணமும் சுமார் இரண்டு பாகை கூடுகிறது. சிறு சக்கரத்தில் இறக்கை தன் முழுக் கோணத்தை எட்டும் முன்பே வால் சக்கரம் தரை தொட்டுவிடும். பெரிய சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்து உட்காரலாம். குறுகிய திட்டில் அந்தக் 'கொஞ்சம்' பெரிய சொத்து.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. காற்றில் டயர்கள் இழுப்பதால் வேகம் குறைகிறது. மூக்கு உயர்ந்ததால் தரையில் எதிரே இருப்பது மறைகிறது. பிரேக் தட்டு பழையதாகவே இருந்து சக்கரம் மட்டும் பெரிதானால், பத்துப் பங்காக இருந்த பிடிப்பு தரையில் ஆறு பங்குக்கும் கீழே போகும்; அதனால் இரட்டைப் பிடி பிரேக்குகளை மாட்டுகிறார்கள். மென்மையான ரப்பரைத் தார்ச்சாலை தின்றுவிடும். ஆங்கரேஜ் நகரின் மெரில் ஃபீல்டில் தார் ஓடுபாதைகளோடு சரளைப் பாதை ஒன்றும் இருக்கிறது; இத்தகைய கால்களுக்கு அதுதான் சுகம். வேகமாக வந்து விழுந்தால் இந்த டயர் பந்துபோல் எம்பவும் செய்யும். கல்லைப் பொறுப்பதுபோல் அவசரத்தை அது பொறுப்பதில்லை.

புதிய திட்டில் இறங்கும் முன் இந்த விமானிகள் செய்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடனே இறங்கிவிட மாட்டார்கள். பறக்கும் வேகத்தைக் குறைக்காமல் டயர்களை மட்டும் தரையில் லேசாகப் படரவிட்டு, திட்டின் நீளம் முழுக்க உருட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் மேலே ஏறிவிடுவார்கள். எடை இன்னும் இறக்கையில்தான் இருக்கும். டயர் நாடி பார்க்கிறது. கரகரவென்ற ஒலி சீராக இருந்தால் இறுகிய சரளை. மெல்லப் பின்னுக்கு இழுத்தால் மணல். தடதடத்தால் பெரிய கற்கள். விமானி இதையெல்லாம் இருக்கையிலும் கைப்பிடியிலும் வாங்கிக்கொள்கிறார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் உருட்டுகிறார். சந்தேகம் தீராவிட்டால் திரும்பிப் போய்விடுகிறார்.

இறங்கி எஞ்சினை அணைத்ததும் முதல் வேலை, வந்த தடத்தில் நடந்து போய்ப் பார்ப்பது. மறுபடி மேலே கிளம்ப எவ்வளவு நீளம் பிடிக்கும் என்பது அங்கே எழுதியிருக்கும். பெரிய டயர்கள் இரண்டும் மணலில் அகலமாக, ஆழமில்லாமல், பாய் விரித்ததுபோலப் பதிந்திருக்கும். நடுவே ஒரு குறுகிய கோடு ஆழமாக ஓடும். அது வாலில் இருக்கிற சின்னச் சக்கரம் உழுதது. அந்த வால் சக்கரத்துக்கும் இதே மென்மையில் ஒரு சிறிய டயர் செய்திருக்கிறார்கள்.